பீச் ஸ்டேஷனில் பீச் எங்கே?

சந்திப்பு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு நண்பன் போன் செய்தபோது, "எதைப் பத்திடா எழுதறது?" என்று கேட்டேன். "ஏதாவது டூர் போன கதை எழுதேன். பீச், படகு, குளியல்னு ஜாலியா இருக்கணும். போன மலர்ல ஒருத்தன் கான்கிரீட்டைப் பத்தி எட்டுப் பக்கம் எழுதி எல்லாரையும் தூங்க வச்சுட்டான்" என்றான். அந்த எட்டுப் பக்கத்தை எழுதியவன் அடியேன்தான் என்பது அவனுக்கு மறந்துவிட்டது போலும்!

ஆகவே, இது டூர் போன கதை. சிங்கப்பூரோ மாலத்தீவோ இல்லை. நான் பிறந்து வளர்ந்த பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை, எலெக்ட்ரிக் ரயிலில் போய்வரக்கூடிய கடலோரம்தான். நம்மோடு படித்த பலர் நான்கு வருடமும் "உங்க ஏரியாவா? அங்க என்னடா இருக்கு, லாரியும் புகையும்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதினைந்து வருடம் கழித்து நான் சொல்லும் பதில் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

மகள் கேட்ட கேள்வி

சென்ற கோடை விடுமுறையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். ஏழு வயது மகளை மெரினாவுக்கு அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். வண்ணாரப்பேட்டையில் ரயில் ஏறினோம். ராயபுரம் தாண்டியதும் அடுத்த ஸ்டேஷன் பீச். பெயர்ப் பலகையைப் படித்ததும் குதிக்க ஆரம்பித்துவிட்டாள். வெளியே வந்து பார்த்தால் ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் துறைமுக மதில். மதிலுக்கு மேலே கிரேன்கள்.

"ஏம்ப்பா, பீச் ஸ்டேஷன்ல பீச் எங்கப்பா?"

சென்னைவாசிகள் எல்லோரும் ஒரு தடவையாவது சொல்லிச் சிரித்த பழைய ஜோக்தான். ஆனால் ஏழு வயதுக் குழந்தை நிஜமாகவே கேட்கும்போது சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் எனக்குப் பதில் தெரியும். அது என் தொழில் சம்பந்தப்பட்ட பதில். என் வீட்டு சம்பந்தப்பட்ட பதிலும்கூட.

அன்றைக்கு மெரினா போனோம். சுண்டல், ராட்டினம், அலையில் கால் நனைத்தல் எல்லாம் முடிந்து திரும்பும்போது, "இங்க இவ்ளோ மணல் இருக்கே, ஆயா வீட்டுகிட்ட ஏன் கல்லு மட்டும் இருக்கு?" என்று இரண்டாவது கேள்வியையும் போட்டாள். சரி, நாளைக்கு உனக்கு நம் பக்கத்துக் கடலைக் காட்டுகிறேன் என்றேன்.

துறைமுகம் இல்லாத துறைமுகப் பட்டினம்

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அதற்குக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும்.

1640-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கிய காலத்தில், கோட்டையின் கிழக்குச் சுவருக்குப் பக்கத்திலேயே அலை அடித்தது. கப்பல்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. அவை தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் மனிதர்களும் கரைக்கு வரவேண்டுமானால் மசூலா படகில்தான் வரவேண்டும். பலகைகளை ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை தூக்கிப் போட்டால் உடையாமல் வளைந்து கொடுக்கும். அந்தப் படகுகளை ஓட்டியவர்கள் நம் கடலோர மக்கள். ராயபுரம் என்ற பெயரே ராயப்பர், அதாவது புனித பேதுருவின் பெயரால் வந்ததுதான். வெள்ளைக்கார கவர்னரானாலும் சரி, கரையில் கால் வைப்பதற்கு முன் எங்கள் ஊர்க்காரர்களின் தோளையும் துடுப்பையும் நம்பித்தான் ஆகவேண்டும்!

1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. தரையில் ரயில் வந்துவிட்டது, கடலில் மட்டும் இன்னும் மசூலா படகா என்று வியாபாரிகளுக்குப் பொறுக்கவில்லை. 1861-இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று கட்டினார்கள். அது போதவில்லை. 1875-இல் துறைமுக வேலை தொடங்கியது. திட்டம் போட்டவர் வில்லியம் பார்க்ஸ் என்ற இன்ஜினியர். கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு கை நீட்டியதுபோல இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள். 1881 நவம்பரில், வேலை முடியும் தறுவாயில், ஒரு புயல் வந்து பெரும்பகுதியைப் புரட்டிப் போட்டது. மறுபடி கட்டி முடிக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. 1904-இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கே பார்த்திருந்த வாசலை அடைத்து வடகிழக்கில் புது வாசல் வைத்தார். இன்று நாம் பார்க்கும் துறைமுகத்தின் உருவம் அவர் காலத்தில் வந்ததுதான்.

துறைமுகம் நன்றாகத்தான் கட்டினார்கள். சென்னை வளர்ந்தது அதனால்தான். வண்ணாரப்பேட்டையில் என் அப்பாவுக்கும், தெருவில் பாதிப் பேருக்கும் சோறு போட்ட தொழிற்சாலைகள் இந்தப் பக்கம் வந்ததற்கும் அது ஒரு காரணம். அதை மறந்துவிட்டுப் பேசினால் நன்றி கெட்டவனாவேன். ஆனால் சுவர் கட்டியவர்கள் தடுத்தது அலையை மட்டும் அல்ல.

மணலுக்கும் கடைமடை உண்டு

நம் கல்லூரியில் சிவில் படிக்காத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். (படித்தவர்களில் பாதிப் பேர் அந்த வகுப்பில் தூங்கியதை நான் நேரில் பார்த்தவன். ஆகவே அவர்களுக்கும் சேர்த்தே!)

கடற்கரை மணல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. அலை கரையில் சாய்வாக வந்து மோதும்போது மணலைக் கரையோரமாகவே நகர்த்திக்கொண்டு போகிறது. நம் சோழமண்டலக் கரையில் ஏறத்தாழ மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை அலை தெற்கேயிருந்து வருகிறது, மணல் வடக்கே போகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. வருடக் கணக்கைக் கூட்டிக் கழித்தால், லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் தெற்கிலிருந்து வடக்கே நடந்து போகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆற்றுக்குக் குறுக்கே துறைமுகச் சுவர் வந்தது. வயல்காட்டில் மேல்மடைக்காரன் மடையை அடைத்தால் என்ன ஆகும்? அவன் வயல் நிரம்பும், கடைமடை காயும். அதேதான் இங்கும். சுவருக்குத் தெற்கே மணல் தேங்க ஆரம்பித்தது. கவர்னர் கிராண்ட் டஃப் 1880-களில் அங்கே நடைபாதை போட்டு 'மெரினா' என்று பெயர் வைத்தார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருடமும் கடற்கரை அகலமாகிக்கொண்டே போனது. உலகத்தின் நீளமான கடற்கரைகளில் ஒன்று என்று நாம் பெருமையடிக்கும் மெரினாவின் இன்றைய அகலத்தில் பெரும்பகுதி துறைமுகம் கொடுத்த இனாம்.

இனாம் என்றால் யாரோ ஒருவர் கையிலிருந்துதானே போயிருக்க வேண்டும்? அது எங்கள் கை. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் மணலின் கடைமடை. தெற்கேயிருந்து வரவேண்டிய மணல் வரவில்லை. இருந்த மணலை அலை வடக்கே கொண்டுபோனது. 1876-லிருந்து நூறு வருடத்தில் துறைமுகத்துக்கு வடக்கே கடல் சுமார் 500 மீட்டர் உள்ளே வந்துவிட்டதாக ஒரு கணக்கு உண்டு. அரை கிலோமீட்டர்! அதில் தெருக்கள் உண்டு, குப்பங்கள் உண்டு, வலை காயவைத்த மணல் மேடுகள் உண்டு.

ஆயா வீட்டு வாசல்

என் ஆயா, அப்பாவைப் பெற்றவள், பிறந்தது ராயபுரம் கடலோரம். சின்ன வயதில் என்னை அந்தப் பக்கம் கூட்டிப் போவாள். கருங்கல் குவியலின் மேல் நின்றுகொண்டு கடலைக் காட்டுவாள்.

"அதோ பாரு கண்ணு, அல ஒடையுதே, அதுக்கும் அந்தாண்ட எங்க ஊடு. ஊட்டுக்கும் அந்தாண்ட ஓடினாத்தான் தண்ணி. நடுவுல அம்புட்டும் மணலு. பசங்க சடுகுடு ஆடுவானுங்க, பந்து ஒதைப்பானுங்க. நாங்க நண்டு வளையத் தோண்டிகினு ஒக்காந்திருப்போம். கட்டுமரம் வந்தா ஓடுவோம்."

நான் நம்பியதே இல்லை. கடலுக்குள் கையைக் காட்டி "அங்கே என் வீடு" என்றால் எந்தப் பையன் நம்புவான்? கிழவி கதை விடுகிறாள் என்று சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். கடல் வீட்டை எடுத்துக்கொண்ட பிறகுதான் அவர்கள் குடும்பம் வண்ணாரப்பேட்டைக்கு வந்து சேர்ந்தது என்று அப்பா சொல்வார். அதையும் காதில் வாங்கியதில்லை.

கல்லூரியில் நான்காம் வருடம் கடற்கரைப் பொறியியல் விருப்பப் பாடம் எடுத்தேன். (சுலபமாக மார்க் வாங்கலாம் என்று சீனியர்கள் சொன்னதால்தான்!) நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் பாடப்புத்தகம். அலைத்தடுப்புச் சுவர் கட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும் என்பதற்கு உதாரணம் கொடுத்திருந்தார்கள். படத்துக்குக் கீழே பார்த்தால், மெட்ராஸ்! 1876-இல் கரை இருந்த இடம் ஒரு கோடு. பிறகு வந்த வருடங்களுக்கு வேறு வேறு கோடுகள். தெற்கே கோடுகள் கடலுக்குள் போகின்றன. வடக்கே கோடுகள் தரைக்குள் வருகின்றன.

வடக்கே வந்த அந்தக் கோடுகளுக்கு நடுவில்தான் ஆயாவின் வீட்டு வாசல் இருந்தது. உலகத்தில் எங்கெங்கோ இன்ஜினியரிங் படிக்கும் பையன்கள் அந்தப் படத்தைப் பார்த்துப் பரீட்சை எழுதுகிறார்கள். நீ சொன்னது நிஜம்தான் ஆயா என்று சொல்ல ஓடியிருப்பேன். அதற்கு முந்தின வருடம் அவள் போய்விட்டாள்.

எண்ணூருக்கு ஒரு டூர்

கதைக்கு வருவோம். மறுநாள் காலை மகளோடு கிளம்பினேன். முதலில் காசிமேடு. மீன்பிடித் துறைமுகத்துக்கு வடக்கே 2004 வாக்கில் சென்னை ஐஐடி நிபுணர்களின் யோசனைப்படி கடலுக்குள் செங்குத்தாகச் சிறு சிறு கல் சுவர்கள் கட்டினார்கள். ஆங்கிலத்தில் 'குரோயின்' என்பார்கள். ஒவ்வொரு சுவரும் நகரும் மணலில் கொஞ்சத்தைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். அப்படி நின்ற மணலில் ஒரு துண்டுதான் எங்கள் ஊர் இளவட்டங்கள் சாயங்காலம் கூடும் 'என்-4 பீச்'. பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனின் எண்ணே கடற்கரையின் பெயராகிவிட்டது! கல் சுவர் மேலேயே கடலுக்குள் நடந்து போகலாம். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நடந்தாள். மெரினாவில் இது இல்லையே என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்தது திருவொற்றியூர். தியாகராசரையும் வடிவுடையம்மனையும் தரிசித்தோம். சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலம். கடலோரம் பட்டினத்தார் சமாதி. வீடு வாசல் எல்லாம் துறந்து அலையோரம் வந்து உட்கார்ந்த மனிதர். எங்கள் கடலோர ஜனங்களோ துறக்காமலேயே இழந்தவர்கள். சமாதிக்கு அந்தப் பக்கம் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. சாலைக்கும் கடலுக்கும் நடுவே பாறைகள்.

மத்தியானம் எண்ணூர். இன்றைக்கு எண்ணூர் என்றால் அனல் மின்நிலையம், சாம்பல், எண்ணெய் இவைதான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு காலத்தில் சென்னை வெள்ளைக்காரர்களுக்கு ஓய்வெடுக்கும் கடலோர ஊர் அதுதான். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் கழிமுகம். அமைதியான உப்பங்கழியில் படகு விடலாம், மீன் பிடிக்கலாம், கடல் காற்று வாங்கலாம். 1806-இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டி முடித்தார். அது பிறகு பழவேற்காடு வரையும் அதற்கு மேலும் நீண்டது. 1876–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகச் சென்னைக்குள்ளும் வெட்டி இணைத்தார்கள். 1878-லிருந்து அதன் பெயர் பக்கிங்காம் கால்வாய். விறகும் உப்பும் போன அதே கால்வாயில் துரைமார்களும் உல்லாசப் படகில் போயிருக்கிறார்கள். மாமல்லபுரம் ரோடு ரிசார்ட்டுகளுக்கெல்லாம் மூத்த அண்ணன் எங்கள் எண்ணூர்!

இப்போது அதே கழிமுகத்தில் சாம்பல் படிந்திருக்கிறது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, ஜனங்கள் வாளியில் அள்ளியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் ஆற்றில் வந்து, படகு வலை எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. இவ்வளவுக்கும் பிறகு நெட்டுக்குப்பத்துப் பக்கம் இன்னும் மணல் இருக்கிறது. மகள் உட்கார்ந்து வீடு கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தேன். என்ன வேலை என்று கேட்டார். இன்ஜினியர் என்றேன்.

"கடல்ல கல்லு கொட்டுவாங்களே, அந்த இன்ஜினியரா சார்?"

"ஆமாண்ணே" என்றேன்.

கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "எங்க கொட்டினாலும் அதுக்கு வடக்க இருக்கறவன் போயிடறான் சார். நீங்க படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியாததா?" என்றுவிட்டு மறுபடி வலையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

நான் போட்ட கையெழுத்து

தெரியும் என்பதுதான் கஷ்டம். இதை இந்த மலரில் எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். நம்மவர்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

சில வருடங்களுக்கு முன், வேறொரு கடலோரத்தில், ஒரு அலைத்தடுப்புச் சுவருக்கான வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. எந்த இடம், எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. சுவர், படுகை, கல்லின் எடை எல்லாம் கச்சிதமாக இருந்தன. வரைபடம் திட்ட எல்லையின் வேலியோடு முடிந்துவிட்டது. வேலிக்கு வடக்கே ஒரு குப்பம் இருந்தது எனக்குத் தெரியும், தளத்தைப் பார்க்கப் போனபோது அங்கே டீ குடித்திருக்கிறேன். "வடக்கே அரிப்பு வருமே, அதைக் கணக்குப் பண்ண வேண்டாமா?" என்று கேட்டேன். "அது நம்ம வேலையில இல்லப்பா" என்றார்கள். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஆயா வீட்டைக் கொண்டுபோன கோடு எப்படி வரையப்பட்டிருக்கும் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அதை வரைந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. என்னைப்போல, வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள்தான். அவர்கள் காலத்தில் மணலின் கணக்கு முழுதாகத் தெரியாது என்றாவது சொல்லலாம். எனக்கு அந்தச் சமாதானமும் இல்லை. நான் அதைப் பாடமாகப் படித்து மார்க் வாங்கியவன்!

வழி இல்லாத காரியமும் அல்ல இது. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்துக்குத் தெற்கே சேரும் மணலைத் தோண்டி எடுத்து வடக்கே கடற்கரைக்குத் தள்ளுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் ட்வீட் நதி முகத்துவாரத்தில் 2001-லிருந்து குழாய் வைத்தே மணலைக் கடத்துகிறார்கள். பக்கத்தில் புதுச்சேரியில், துறைமுகச் சுவரால் காணாமல்போன கடற்கரையில் ஒரு பகுதி, தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018-இல் கடலுக்குள் வைத்த செயற்கைத் திட்டால் திரும்ப வந்தது. செலவாகும், வருடா வருடம் செய்யவேண்டும். மேல்மடைக்காரன் தண்ணீர் திறந்துவிடுவதுபோல அதுவும் ஒரு முறைதான். கல் சுவர் மட்டும் கட்டினால், அந்த அண்ணன் சொன்னதுபோல, அரிப்பு வடக்கே நகரும். 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. அதற்கு அப்பால் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. அதற்கும் வடக்கே பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய மணல் திட்டு. அதன் மேல் குடியிருப்பவர்கள்தான் அடுத்த கடைமடை.

நம் கல்லூரியில் படித்தவர்கள் துறைமுகத்தில் இருக்கிறீர்கள், நெடுஞ்சாலையில் இருக்கிறீர்கள், பொதுப்பணித் துறையில் இருக்கிறீர்கள், துபாயில் கடலையே நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள்! உபதேசம் செய்ய எனக்குத் தகுதி கிடையாது. ஒரு வேண்டுகோள் மட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் வரைபடத்தின் ஓரத்தைப் பாருங்கள். வேலிக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பென்சில் கோடாவது போடுங்கள். அந்தச் சுவர் வேலைக்குப் பிறகு நான் அப்படித்தான் செய்கிறேன். இதுவரை இரண்டு முறை வாக்குவாதம் ஆனது. ஒரு முறை கேட்டுக்கொண்டார்கள், ஒரு முறை கேட்கவில்லை.

சாயங்காலம் எண்ணூரிலிருந்து ரயிலில் திரும்பினோம். காலில் மணல், கையில் கிளிஞ்சல். திருவொற்றியூர் தாண்டும்போது மகளிடம், உன் கொள்ளுப்பாட்டி வீடு இந்தப் பக்கத்துக் கடலுக்குள்தான் இருந்தது என்று சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"சும்மா சொல்லாதப்பா" என்றாள்.

அடுத்த தடவை அந்தப் புத்தகத்தையும் எடுத்துப் போகவேண்டும்.

நண்பர்களே, சந்திப்புக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். மெரினா எங்கேயும் போய்விடாது. எங்கள் பக்கம் வாருங்கள். காசிமேட்டு மீன் குழம்பு என் பொறுப்பு.

(சிவில் பிரிவு, 2010)